பர்மிஷன் ரத்தினத்தின் குல்லா

வேனின் பின்கதவைத் திறந்து சாமான்களை ஏற்றும்போதே யேசுரத்தினத்தின் உள்ளங்கை ஒவ்வொரு பையின் மேலும் ஒரு தரம் போய் உட்காரும். வயிற்றுவலி என்று வந்தவனை டாக்டர் அமுக்கிப் பார்ப்பது போல மெல்ல அழுத்திப் பார்ப்பார். மூலைகள் உருண்ட கெட்டிப் பெட்டி ஒன்று கைக்குத் தட்டுப்பட்டுவிட்டால் கதவைச் சாத்தமாட்டார். இலங்கை மலைநாட்டின் அப்புத்தளை ஸ்டேசன் முற்றத்தில், பனிமூட்டத்துக்குள், வெள்ளைக்காரப் பயணியை நிறுத்தி வைத்துக்கொண்டு பாதி இங்கிலீசிலும் பாதி கைச்சாடையிலும் விசாரணையைத் தொடங்குவார். தமிழில் சொன்னால் அது இப்படி இருக்கும்.

"சார், இது பறக்கிற சாமானா? ஏர்போர்ட்ல எறங்கயிலேயே கஸ்டம்ஸ்ல காட்டுனீங்களா? சிவில் ஏவியேஷன்ல பதிஞ்சீங்களா? டிபென்ஸ் மினிஸ்ட்ரி சரின்னு சொல்லிருச்சா? எந்த எடம், எந்த நாளுன்னு எழுதிக் குடுத்துருக்கா?"

வந்தவர் தோளைக் குலுக்குவார். சிலர் சிரிப்பார்கள். யாருமில்லாத மலைதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்பார்கள். அந்த ஒரு வார்த்தையில் யேசுரத்தினத்தின் முகம் சுருங்கிவிடும்.

"யாரு சார் சொன்னா ஆளில்லன்னு? தேயிலச் செடிக்கு நடுவுல குனிஞ்சிருந்தா ஆள் தெரியாது. அதுக்காக ஆளில்லன்னு ஆயிருமா? பொட்டிக்குள்ளயே தூங்கட்டும். மலை எங்கயும் போகாது."

இப்படிக் கைக்கு வந்த சவாரியைக் கோட்டைவிட்ட நாட்கள் ஏராளம். பயணி இறங்கிப் பக்கத்து வண்டிக்குப் போய்விடுவார். ஸ்டேசன் வாசலில் ஆட்டோ போடும் றில்வானுக்கு அதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

"என்னண்ணே, ஒங்க வேன்ல கால் வைக்கவும் டிபென்ஸ்ல லெட்டர் எடுக்கணுமா?"

"ஒன் ஆட்டோவுல ஏறுறதுக்குத்தான்டா எடுக்கணும். நீ ஓட்டுற ஓட்டுக்கு சிவில் ஏவியேஷன்லயே பதியலாம்."

பர்மிஷன் ரத்தினம் என்ற பெயரை வைத்தது றில்வான்தான். இப்போது ஹோட்டல்காரர்கள்கூட அப்படித்தான் கேட்கிறார்கள். "ட்ரோனோட ஒருத்தர் வந்திருக்கார், பர்மிஷன் ரத்தினத்தைக் கூப்பிடு."

ஆள் ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லி உடம்பு, எந்நேரமும் ஒரு ஸ்வெட்டர். தலையில் காது மறைய இழுத்துவிட்ட பழுப்பு நிறக் கம்பளிக் குல்லா. பதுளைக்கு இறங்கி, வெயிலில் மற்றவர்கள் சட்டைப் பொத்தானைக் கழற்றி விசிறிக்கொள்ளும் நேரத்திலும் அந்தக் குல்லா தலையில்தான் இருக்கும். மாதா கோயிலில் பூசையின்போது மட்டும் கழற்றி மடியில் வைப்பார். பூசை முடிந்து வாசற்படி இறங்குவதற்குள் அது மறுபடியும் தலைக்கு ஏறிவிடும். "மண்டையில முடி இல்ல, குளிருது" என்று காரணம் சொல்வார். முடி நிறைய இருந்த காலத்திலும் அவர் குல்லாதான் போட்டிருந்தார் என்பது அவருடைய பழைய கல்யாணப் படத்தைப் பார்த்தால் தெரியும்.

ட்ரோன் விஷயத்தில் அவர் இப்படிக் கண்டிப்பானதற்கு ஒரு கதை உண்டு. அவர் பிறந்தது மடுல்சீமைப் பக்கம், பள்ளமும் குழியுமான பாதையின் கடைசியில் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில். யாரும் போகாத இடம் வேண்டும் என்று கேட்கும் பயணிகளை அங்கேதான் அழைத்துப் போவார். அப்படிப் போன ஒருவன், இவர் டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள், ட்ரோனைத் தூக்கி மலைக்குமேல் விட்டுவிட்டான். கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு ட்ரோனின் சத்தம் என்னவாகக் கேட்டது தெரியுமா? குளவியாக. மரக்கிளையில் கூடு கலைந்து, கூட்டமாக இறங்கி, கொட்டிக் கொட்டியே ஆளைச் சாய்த்துவிடும் குளவி. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த ரீங்காரம் காதில் விழுந்தால் யோசிக்க நேரமில்லை. "குளவி! குளவி!" என்று ஒருத்தி கத்தினாள். கூடைகளைப் போட்டுவிட்டு அத்தனை பேரும் சரிவில் ஓடினார்கள். இராக்கம்மா, இவரோடு ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவள், மழைநீர்க் கான் ஒன்றில் கால் இடறி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள்.

அவளை வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டியவர் இவர்தான். வழி நெடுக அவள் முனகவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஒரு வார்த்த சொல்லிட்டு விட்டிருந்தா நாங்களும் நிமுந்து வேடிக்கை பாத்திருப்போம்ல ரத்தினம்?"

அந்தக் கேள்வி அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. அன்றிலிருந்து அரசாங்கத்துப் பர்மிஷன், தோட்டத்து ஆபீஸ் பர்மிஷன் எல்லாம் கையில் இருந்தாலும், அவரிடம் இன்னொரு பர்மிஷன் பாக்கி இருக்கும். வேனை நிறுத்துவார். டாஷ்போர்டில் இருந்து ஒரு கட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டு மலையில் ஏறுவார். கல்யாணத்துக்கு அழைப்பது போல ஒவ்வொரு நிரையாகப் போய்ச் சொல்வார்.

"தாயீ, இன்னும் கொஞ்ச நேரத்துல ஒண்ணு கத்திக்கிட்டு மேல போவும். குளவி இல்ல, பிளாஸ்டிக்குதான். ஒங்க தலைக்கு மேல வராது, அந்த வரப்போட நிக்கும். விடட்டுமா?"

பெண்கள் சிரிப்பார்கள். வெற்றிலையை வாங்கிக்கொள்வார்கள். "படம் எடுக்கிறதுன்னா நாளைக்கு எடுக்கச் சொல்லுங்க, நல்ல சேல கட்டிக்கிட்டு வாறோம்" என்று ஒருத்தி சொல்வாள். அதற்குப் பிறகுதான் பெட்டி திறக்கும். வெள்ளைக்காரர் வெயில் போகிறது, பனி இறங்குகிறது என்று தவிப்பார். பர்மிஷன் ரத்தினம் அசையமாட்டார்.

அப்படிப்பட்டவர் தன் சொந்த அக்காவின் காரியத்தில் தவறிப்போனதுதான் விந்தை.

அக்கா றோசாலி இந்தியாவில், கூடலூர்ப் பக்கத்தில் இருக்கிறாள். தோட்டத்துச் சனத்தை இரண்டு நாடும் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தக் காலத்தில் புருசனுக்கு இந்தியாப் பாஸ்போர்ட் வந்தது. கல்யாணமாகிச் சில மாதமே ஆன அவளும் அவனோடு பதுளை ஸ்டேசனில் கோச்சி ஏறினாள். அப்போது யேசுரத்தினம் ஒன்பது வயதுப் பையன். தோட்டங்களில் இருந்து லொறி லொறியாக சனம் வந்து மேடையை நிறைத்திருந்தது. கோச்சிக்குள் இருந்தவர்களும் அழுதார்கள், வெளியே நின்றவர்களும் அழுதார்கள். தை மாதக் குளிர். தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேர் தலையிலும் குல்லா. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு றோசாலி தம்பியைத் தேடினாள். அப்பாவின் தோளில் உட்கார்ந்து இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டுதான் இருந்தான் அவன். அவளுக்குத் தெரியவில்லை.

இன்றைக்கும் போனில் அதையேதான் சொல்வாள். "எல்லாப் புள்ளையும் குல்லா போட்டுக்கிட்டு நின்னுச்சுடா தம்பி. எது நீன்னு தெரியாமலே போயிட்டேன்."

"விடுக்கா. அதான் இப்ப தெனம் போன்ல பாக்குறியே."

"போன்ல மூஞ்சி தெரியுது. நீ நிக்கிற எடம் தெரியலையே."

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. அவர்கள் வளர்ந்த பத்துக் குடும்பத்துக்குப் பத்துக் காம்பரா வைத்த லயத்தை மேலே இருந்து பார்க்க வேண்டும். அவள் கொழுந்தெடுத்தது லயத்துக்கு மேலே இருந்த எட்டாம் நம்பர் மலை. அங்கிருந்து கீழே பார்த்தால் லயமும் தண்ணீர்ப் பீலியும் கொய்யா மரமும் ஒரே பார்வையில் அடங்கும். கூரையில் புகை வந்தால் அம்மா அடுப்பு மூட்டிவிட்டாள் என்று அர்த்தம். கூடையோடு நிமிர்ந்து நின்று "ஓ... தம்பீ..." என்று ஒரு குரல் விடுவாள். எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் முற்றத்துக்கு ஓடிவந்து "ஓ..." என்று இவன் பதில் விடுவான். அந்தக் குரலுக்கு லயத்து நாய்கூட வாலாட்டும். அந்தி சாய அவள் இறங்கி வரும்போது மடியில் இரண்டு கொய்யாப்பழம் இருக்கும். ஒன்று கட்டாயம் அணில் கடித்ததாக இருக்கும். கடித்ததுதான் இனிப்பு என்று அதற்காகவே இவன் சண்டை போடுவான்.

யேசுரத்தினம் அந்த லயத்தைப் பலமுறை படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். "தரையில நின்னு எடுத்தா எல்லா லயமும் ஒண்ணுதான்டா" என்று அவள் ஒதுக்கிவிடுவாள். மேலே ஏறி எடுக்கலாம் என்றால், அந்த மலையைத் தோட்டம் கைவிட்டு வருசக்கணக்காகிவிட்டது. செடிகள் மரமாகி, முள் அடர்ந்து, பாதையே இல்லாமல் காடாகிக் கிடக்கிறது. மண் சரிகிறது என்று லயத்து ஆட்களையும் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இதற்கிடையில் றோசாலியின் கண்ணில் நீரழுத்தம் கூடி, பார்வை ஓரத்தில் இருந்து இருண்டுகொண்டே வந்தது. குழாய்க்குள் இருந்து பார்ப்பது போல நடுவில் கொஞ்சம்தான் மிச்சம், அதுவும் எவ்வளவு காலத்துக்கு என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவளுடைய மகன் ஜெசிந்தன்தான் ட்ரோன் யோசனையைச் சொன்னான். அம்மா பிறந்த மண்ணுக்கு அவன் வெளிநாட்டுக்காரன். எனவே வெளிநாட்டுக்காரருக்கு உள்ள எல்லாப் படியும் அவன் ஏற வேண்டியிருந்தது. மாமா போனிலேயே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். "எடம் எட்டாம் நம்பர் மலைதானே மாமா?" என்று அவன் கேட்டபோது, பர்மிஷன் ரத்தினத்தின் மனம் அக்காவின் குரலுக்கு ஓடிப்போய் முற்றத்தில் நின்றுவிட்டது. "ஆமாடா, எட்டாம் நம்பர் மலையேதான்" என்றார்.

தோட்டத்து ஆபீஸ் எட்டாம் நம்பர் மலையைக் காட்டி எழுதிக் கொடுத்தது. அதை வைத்தே மேலிடத்திலும் அனுமதி கிடைத்தது, ஒரே ஒரு நாளைக்கு.

அந்த நாள் காலையில், இந்தியாவில் இருந்து வந்து இறங்கிய ஜெசிந்தனோடு மடுல்சீமையில் வேனை நிறுத்தி, ஆபீஸ் காட்டிய மேட்டில் ஏறி நின்றபோதுதான் யேசுரத்தினத்துக்கு உண்மை பிடிபட்டது. இது அந்த மலை இல்லை. பழைய மலைகளைக் காடாக விட்டபோது தோட்டத்தார் மிச்சமிருந்தவற்றுக்குப் புதிதாக நம்பர் போட்டிருக்கிறார்கள். மற்ற எந்தப் பயணிக்கும் இரண்டு தரம் கேட்டு உறுதி செய்கிறவர், தன் அக்காவுக்கு மட்டும் கேட்கவில்லை. அனுமதித்த வட்டம் ஓடையோடு முடிந்துவிட்டது. அக்காவின் எட்டாம் நம்பர் மலை ஓடைக்கு அந்தப் பக்கம், பச்சைக் காடாக நின்றது. அதன் அடியில், யூக்கலிப்டஸ் மரங்களுக்குப் பின்னால், லயம்.

ஜெசிந்தனுக்கு விஷயம் புரிந்ததும் சிரித்துவிட்டான். "இவ்ளோதானே மாமா? ஓடையத் தாண்டிப் போய்ட்டு ரெண்டு நிமிசத்துல வந்துரும்."

"தாண்டக் கூடாது."

"இங்க யாரு மாமா பாக்கப்போறா?"

"அங்கிட்டுப் பாரு." யேசுரத்தினம் கையை நீட்டினார். ஓடைக்கு அப்பால் லயத்துக்குப் போகும் வழியில், இன்னும் பறிப்பில் இருந்த ஒரு துண்டுச் சரிவில் பெண்கள் நின்றார்கள். "நான் இந்தப் பக்கத்து ஆளுங்ககிட்டத்தான் சொல்லியிருக்கேன். அவுங்ககிட்ட சொல்லல. பேப்பர்லயும் அந்தப் பக்கம் இல்ல."

ஜெசிந்தனின் கையில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. கூடலூரில் அவன் மனைவி ஜெசீகா மாமியாரின் கண்ணுக்கு நேராகத் திரையைப் பிடித்துக்கொண்டு ட்ரோன் படத்துக்காகக் காத்திருக்கிறாள். அந்தப் போனை அவன் மாமாவின் பக்கம் நீட்டினான்.

"எங்கம்மா பொறந்த எடத்தப் பாக்க எங்கம்மாவுக்கே பர்மிஷனா மாமா? அவுங்க கண்ணு அடுத்த வருசத்துக்கு இருக்குமான்னு தெரியாது. நீங்கல்லாம் ஒரு தம்பியா?"

யேசுரத்தினம் மெதுவாகத்தான் பேசினார்.

"ஒங்கம்மாவ இங்கேருந்து கொண்டு போனதும் ஒரு பேப்பர்தான்டா. எங்கள இங்க இருக்க விட்டதும் ஒரு பேப்பர்தான். ரெண்டு நாட்டுப் பேப்பரும் இல்லாம வருசக்கணக்கா இருந்தோமே, அப்ப போலீசக் கண்டா எங்கப்பா செடிக்குள்ள குனிஞ்சுக்குவாரு. எந்தத் தப்பும் பண்ணாம குனிவாரு. பேப்பர் இல்லாத காரியத்தை நான் செய்யமாட்டேன்." ஓடைப் பக்கம் திரும்பினார். "ஆனா நடக்கிறதுக்குப் பர்மிஷன் வேணாம்."

பிறகு மளமளவென்று சொன்னார். ட்ரோனை இந்த மேட்டுக்கு மேலேயே, அனுமதித்த உயரம் வரைக்கும் தூக்க வேண்டும். மரத்துக்கு மேலே போய்விட்டால் லயம் தூரத்தில் தெரியும். ஓடையைத் தாண்டக் கூடாது, கண்ணை விட்டு மறையக் கூடாது. கேமராவை மட்டும் அந்தப் பக்கம் திருப்ப வேண்டும்.

"நான் போய் முத்தத்துல நிக்கிறேன். அக்காகிட்ட சொல்லு."

ஓடைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் அவர் போன வேகத்தைப் பார்த்தால் ஐம்பதைத் தாண்டியவர் என்று சொல்ல முடியாது. கல்லில் கால் வைத்து ஓடையைத் தாண்டினார். எதிர்ச் சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள் இராக்கம்மா. மணிக்கட்டு இப்போதும் கொஞ்சம் கோணல்தான்.

"என்னா ரத்தினம், பிளாஸ்டிக் குளவியக் கூட்டிக்கிட்டு வந்துட்டியா?"

"இந்தப் பக்கம் வராது இராக்கம்மா, சத்தம் மட்டும் லேசா கேக்கும். எங்கக்கா பாக்குறா. றோசாலி."

"றோசாலியா?" அவள் கை கூடையில் நின்றுவிட்டது. "ஐயோ, அவ பாக்கிற நேரத்துல இப்பிடி அழுக்குச் சேலயோட நிக்கிறேனே. போ, போ, சீக்கிரம் போ."

முற்றத்தில் புல் முழங்கால் வரை வளர்ந்திருந்தது. கூரைத் தகரங்களில் பாதியைக் காணோம். பீலி வறண்டு, கொய்யா மரம் மட்டும் கிழண்டு நின்றது. யேசுரத்தினம் தங்கள் காம்பரா வாசலுக்கு நேராக வந்து நின்று வானத்தை அண்ணாந்து பார்த்தார். எதிர் மேட்டுக்கு மேலே, மரங்களுக்கும் உயரே, ஒரு கறுப்புப் புள்ளி. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். பள்ளத்துக்குள் போனுக்கு சிக்னல் இல்லை. அக்காவுக்குத் தெரிகிறதா, தெரியவில்லையா? புள்ளி அசையாமல் நின்றது. அவர் ஆட்டிக்கொண்டே இருந்தார். தோள் வலித்தது. அப்பாவின் தோளில் உட்கார்ந்து ஆட்டிய அதே இரண்டு கைகள்.

அப்போது எதிர் மேட்டில் இருந்து ஒரு குரல் புறப்பட்டது. ஜெசிந்தன் மேட்டின் ஓரத்தில் நின்று கத்தியது பாதிச் சரிவில் இருந்த பெண்களுக்குக் கேட்டது. அவர்கள் அதை ஓடைக்கு விட்டார்கள். ஓடைக்கு இந்தப் பக்கம் இராக்கம்மா வாங்கிக்கொண்டாள். கோணல் கையை வாயருகே குவித்து, லயத்தைப் பார்த்து அவள் விட்ட குரல் மலையெல்லாம் எதிரொலித்தது.

"ஓ... ரத்தினம்... ஒங்கக்கா லயத்தப் பாத்துட்டாங்களாம்...! கொய்யா மரம் தெரியுதாம்...!"

யேசுரத்தினம் முழு மூச்சையும் சேர்த்துத் திருப்பிக் கத்தினார். "என்னயத் தெரியுதான்னு கேளு...!"

கேள்வி ஓடையைத் தாண்டி, சரிவில் ஏறி, மேட்டுக்குப் போனது. அங்கிருந்து கூடலூருக்கும் போயிருக்க வேண்டும். காற்றில் கொய்யா இலைகள் சலசலத்தன. கேள்வி போன வழியிலேயே பதில் ஒவ்வொரு வாயாக இறங்கி வந்தது. இராக்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தினாள்.

"ஒரு ஆளு நிக்கிறது தெரியுதாம்... நீதானான்னு தெரியலையாம்...! குல்லாவக் கழட்டச் சொல்றாங்க...!"

யேசுரத்தினம் குல்லாவைக் கழற்றினார். மடுல்சீமையின் குளிர்காற்று அவருடைய வெறுந்தலையில் வந்து மோதியது. குல்லாவை ஒரு கையில் தூக்கிப் பிடித்து ஆட்டிக்கொண்டு, "ஓ..." என்று குரல் விட்டார், முன்பு விட்டது போலவே.

கொஞ்ச நேரத்தில் புள்ளி மெல்ல மெல்ல இறங்கி மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. பேட்டரி முடிந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும், எத்தனை ட்ரோனைப் பார்த்தவர். ஓடையோரச் சரிவில் இராக்கம்மா மறுபடி கொழுந்துக்குக் குனிந்தாள். மேட்டில் இருந்து வேறு பதில் எதுவும் வரவில்லை; மலை பழையபடி அமைதியானது. யேசுரத்தினம் குல்லாவை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, ஒன்றுமில்லாத வானத்தைப் பார்த்து, இன்னும் ஆட்டிக்கொண்டிருந்தார்.